ஒயின் மாதிரியாம், வயசாக வயசாக ருசியாம்... அட போங்கய்யா!

டிஸ்கி முதல்லயே: குடி குடியைக் கெடுக்கும். சொல்லியாச்சு. இனிமே அதுக்காக யாரும் சண்டைக்கு வராதீங்க. நான் இன்னிக்கு வேற சண்டைக்கு வந்திருக்கேன்.

ஒரு நடிகருக்குப் பொறந்த நாள் வந்தாப் போதும் மக்களே, நம்ம பதிவர்கள்ல குறைஞ்சது நாலு பேராவது "தலைவர் ஒயின் மாதிரி, வயசாக வயசாகத்தான் ருசி"ன்னு எழுதிடுறாங்க. கல்யாண நாள் வாழ்த்துல அதே வரி. பழைய பாட்டைப் பத்தி எழுதினா அதே வரி. எழுதுறவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒயினை மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்லை. மோந்து பார்த்தவங்களும் இதையே எழுதுறாங்க பாருங்க, அதுதான் என் வயித்தெரிச்சல். ஆன்சைட் போய் ரெண்டு வருஷம் பாரிஸ்லயோ கலிஃபோர்னியாவிலயோ குப்பை கொட்டிட்டு வந்த நம்மாளுங்க, "பழைய ஒயின் குடிச்சேன் பாஸ், தேவாமிர்தம்"னு அடிச்சு விடுறாங்களே, அவங்களைத்தான் கேக்குறேன். நெஜமா நல்லா இருந்துச்சா? இல்ல, லேபிள்ல இருந்த வருஷத்தைப் பார்த்துட்டு நல்லா இருந்துச்சா?

நானும் இந்தக் கும்பல்ல ஒருத்தன்தான். நானும் பொய் சொன்னவன். அந்தக் கதைக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சமாச்சாரம். உலகத்துல தயாராகுற ஒயின்ல மிகப் பெரும்பகுதி, கடைக்கு வந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே குடிச்சு முடிக்கிறதுக்காகச் செய்யப்படுறது. பரண்ல போட்டு வைக்கிறதுக்கு இல்லை. பிரான்ஸ்லயே போஜோலே நூவோன்னு ஒண்ணு இருக்கு. நவம்பர் மாசம் மூணாவது வியாழக்கிழமை வெளிய வரும், அந்த வருஷத்துத் திராட்சைதான், சில மாசத்துக்குள்ள குடிச்சுட்டா நல்லது. நான் இருந்த துலூஸ் நகரத்துக்குப் பக்கத்துல ஃப்ரொந்தோன்னு ஒரு ஊர். நெக்ரெத்ங்கிற திராட்சையில செய்வாங்க. இளசா இருக்கும்போது பூ வாசனை, பழ வாசனை எல்லாம் தூக்கலா இருக்கும். சூப்பர் மார்க்கெட்ல அஞ்சாறு யூரோவுக்கு வாங்கி வந்து அன்னிக்கு ராத்திரியே காலி பண்ணுவோம். அதைப் போய் இருவது வருஷம் வச்சா அமிர்தமா ஆகும்? கெட்டுப் போகும்ணே, அவ்வளவுதான்.

வச்சிருந்து குடிக்கிற ஒயினும் இருக்கு, இல்லேங்கலை. போர்தோவில நல்ல இடத்துல, நல்ல வருஷத்துல செஞ்சது. பர்கண்டி, பரோலோ, போர்ட் இந்த மாதிரி சிலது. ஆனா அதுக்கும் ஒரு ஏத்தம், ஒரு உச்சி, ஒரு எறக்கம் உண்டு. நம்ம ஆளுங்க அந்த எறக்கத்தை மட்டும் வசதியா மறந்துடுறாங்க. பாட்டி வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் பத்து வருஷம் நிக்கும், சரி. அதுக்காக நேத்து வச்ச ரசமும் நிக்குமா?

இப்பக் கதை.

2023 அக்டோபர். நான் துலூஸ்ல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். எங்க டீம்ல ஆர்க்கிடெக்ட் ஒருத்தர், வயசு அறுவத்து மூணு, டிசம்பர்ல ரிடையர்மெண்ட். நல்ல மனுஷன். என்னோட ஓட்டை ஃப்ரெஞ்சைக் கேட்டுட்டுச் சிரிக்காத ரெண்டு பேர்ல ஒருத்தர். அவங்க ஊர் வழக்கப்படி என்னையும் பேர் சொல்லி, ஒருமையிலதான் கூப்பிடச் சொல்வார். எனக்கு வாய் வரலை, கடைசி வரைக்கும் 'வூ' போட்டு 'நீங்க'தான். அப்பா வயசுக்காரரை எப்படிங்க வா போன்னு பேசுறது?

அவரு வீட்டுல ஒரு சனிக்கிழமை விருந்து. மொத்தம் ஆறு பேர். அவரு, பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ்ல ரெண்டு ஃப்ரெஞ்சுக்காரங்க, மதுரைக்காரன் ஒருத்தன், நான். மனைவி தவறி ஆறு வருஷம் ஆச்சு. பையன் கனடாவில. சாப்பாடு கசூலே. வெள்ளை பீன்ஸை வாத்துக்கறி, சாசேஜோட மணிக்கணக்கா வேகவைக்கிற அந்த ஊர் ஐட்டம். அதோட குடிக்க ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மேஜையில வச்சார். மெடாக் பக்கத்து ஒரு ஷாத்தோ. பேர் வேண்டாம், அவங்க மேல குத்தம் இல்லை. வருஷம் 1987. பையன் பொறந்த வருஷம். அந்த வருஷத்து ஒயின் பாட்டில்ல அடைச்சுக் கடைக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுமில்லையா, 1990-ல அவரும் மனைவியும் சேர்ந்து ஒரு பெட்டி, பன்னெண்டு பாட்டில் வாங்கியிருக்காங்க. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒண்ணொண்ணா எடுத்து, கடைசியா பாக்கி ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணைத்தான் எங்களுக்காக எடுத்திருக்கார்.

இங்க ஒரு நிமிஷம். போர்தோவில 1987 ஒண்ணும் பேர் வாங்கின வருஷம் இல்லை. அறுவடை நேரம் அக்டோபர்ல மழை கொட்டிடுச்சு. ஒயின் லேசா, மெலிசா வந்துச்சு. அப்பவே "சீக்கிரம் குடிச்சு முடிங்க"ன்னு சொன்ன வருஷம் அது. 1982 மாதிரி வருஷமா இருந்தா வேற கதை. இதெல்லாம் எனக்கு அன்னிக்குத் தெரியாது, அப்புறமாத்தான் உக்காந்து படிச்சேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முப்பத்தாறு வருஷத்து ஒயின், என்னை விட வயசுல மூத்தது, மரியாதையா இருக்கணும், அவ்வளவுதான்.

பாட்டிலைப் பார்த்தப்பவே ஒண்ணு உறுத்துச்சு. ஒயின் மட்டம் கழுத்துல இல்லை, தோள்பட்டை வளைவுக்குப் பாதி வரைக்கும் எறங்கி இருந்துச்சு. கார்க் வழியா ஆவியாகிப் போன அளவுக்கு உள்ள காத்து பூந்திருக்குன்னு அர்த்தம். கார்க்கைத் திருகினார், பாதியில உடைஞ்சுது. மீதி பொடிப்பொடியா உள்ள விழுந்துச்சு. வடிகட்டி ஊத்தினார். நிறம்? ரெட் ஒயின்னு பேரு, கிளாஸ்ல இருந்தது பால் ஊத்தாத டீ. ஓரத்துல துருப்பிடிச்ச தண்ணி மாதிரி ஒரு பழுப்பு.

மோந்து பார்த்தேன். நேர்மையா சொல்றேன், முதல் ரெண்டு நிமிஷம் ஏதோ இருந்துச்சு. காய்ஞ்ச இலை, புகையிலை, பழைய தோல் பெட்டியைத் திறந்தா வருமே அந்த மாதிரி. 'அடடே'ன்னு நிமிர்ந்து உக்காந்தேன். அதுக்குள்ள அது போயிடுச்சு. அப்புறம் வந்தது ஈரக் காளான், சோயா சாஸ், அடிபட்ட ஆப்பிள். வாயில வச்சா பழம்னு ஒண்ணு இருந்த அடையாளமே இல்லை. புளிப்பு தனியா நிக்குது, துவர்ப்பு தனியா நிக்குது, நடுவுல ஒண்ணும் இல்லை. முழுங்கின அடுத்த நொடி எல்லாம் காலி. கால் மணி நேரம் கழிச்சு அந்தக் காளானும் போய், வெறும் புளித்தண்ணி.

பெரியவர் எங்க முகத்தையே பார்த்துட்டு இருக்கார். "அலோர்?"ன்னார். அதாவது, "எப்படி?"

பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடிட்டு "மான்யிஃபிக்"ன்னார். ஆபீஸ்காரர் ஒருத்தர் "சூ புவா"ன்னார். காட்டுல மரத்தடி மண் வாசனைங்கிறதை அவங்க மரியாதையாச் சொல்ற வார்த்தை. இன்னொருத்தர் தலையை மட்டும் ஆட்டினார். மதுரைக்காரன் மேஜைக்கு அடியில மொபைல்ல விலை தேடிட்டு இருந்தான். என் முறை வந்துச்சு. நான் சொன்னேன், "ரொம்பக் காம்ப்ளெக்ஸா இருக்கு." நம்ம தொழில்ல அடுத்தவன் எழுதின கோடு ஒரு எழவும் புரியலைன்னா சொல்ற அதே வார்த்தை. :-)

இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். பெரியவர் முகம் பூரிச்சுப் போச்சு. உள்ள கூட்டிட்டுப் போய் நிலவறையைக் காட்டினார். அங்க திறக்காத ஒரு மரப்பெட்டி. சாந்த் எஸ்தேஃப், 2000-ஆம் வருஷம், பன்னெண்டு பாட்டில். அது போர்தோவுக்கு ரொம்ப நல்ல வருஷம். "இதைத் திறக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். 87-ஏ இப்படி இருக்குன்னா, இது இன்னும் பதினஞ்சு வருஷம் தூங்கட்டும்"னார்.

அறுவத்து மூணும் பதினஞ்சும் எவ்வளவு? மனுஷனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. அஞ்சு பேர் மரியாதைக்குச் சொன்ன பொய்யை நம்பி ஒருத்தர் கையில இருக்கிற நல்லதைப் பூட்டி வைக்கிறார். பூட்டி வச்சு, அதையும் இந்தக் காளான் தண்ணி ஆக்கப் போறார். எனக்கு அந்த நிலவறைக் குளிர்லயும் வேர்த்துச்சு.

சரி, பாட்டிலுக்குள்ள என்னதான் நடக்குது? கெமிஸ்ட்ரியில நான் அரியர் வச்சவன், இருந்தாலும் முயற்சி பண்றேன். இளம் ரெட் ஒயின்ல துவர்ப்பு குடுக்கிற டேனின் நிறைய இருக்கும், நிறம் குடுக்கிற ஆந்தோசயனின் இருக்கும். வருஷம் போகப் போக இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு பெரிய சங்கிலியாகி, கடைசியில கனம் தாங்காம வண்டலா அடியில படியும். அதனாலதான் துவர்ப்பு மென்மையாகுது, ஊதா நிறம் செங்கல் நிறமாகுது. பழ வாசனை குடுக்கிற எஸ்டர்கள் மெல்ல உடையும், அந்த இடத்துக்குத் தோல், புகையிலை, காளான்னு வேற வாசனைகள் வரும். இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கடக்குற இடம் இருக்கே, பழமும் மிச்சம் இருக்கு, புதுசும் வந்தாச்சுங்கிற அந்த இடம், அதுதான் உச்சி. அதைத் தாண்டினா பழம் தீர்ந்து போகும். அமிலம் மட்டும் எங்கயும் போகாது, அப்படியே இருக்கும். மறைக்க ஆள் இல்லாம அது துருத்திட்டு நிக்கும். கார்க் வழியா வந்த ஆக்ஸிஜன் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு ஆக்கும். அந்த அடிபட்ட ஆப்பிள் வாசனை அதுதான். இதுல சூடு வேற சேர்ந்தா எல்லாமே வேகமா நடக்கும். பன்னெண்டு பதிமூணு டிகிரியில, இருட்டுல, கார்க் காயாம படுக்க வச்சிருக்கணும். நம்ம பெரியவர் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஒரு ஃப்ளாட்ல சமையலறை அலமாரியில வச்சிருந்தாராம். துலூஸ் வெயில் தெரியுமா? ஜூலையில முப்பத்தஞ்சைத் தாண்டும்.

இதுல நம்ம ஊர்க் கொடுமை தனி. ட்யூட்டி ஃப்ரீயில வாங்கின பாட்டிலை ஷோகேஸ்ல நட்டமா நிறுத்தி, பக்கத்துல ஒரு சின்ன விளக்கும் போட்டு, 'தங்கச்சி கல்யாணத்துக்குத் திறக்கலாம்'னு வச்சிருப்பாங்க. சென்னை மே மாசம். உள்ள ரசம் கொதிச்சிட்டு இருக்கும். சிரிக்காதீங்க, இதே தப்பைக் கோடீஸ்வரங்களும் பண்ணியிருக்காங்க. 1985-ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல, தாமஸ் ஜெஃபர்சனோடதுன்னு சொல்லி 1787 லஃபீத் பாட்டில் ஒண்ணை ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு எடுத்துச்சு. காட்சிக்கு நிறுத்தி வச்சு விளக்கைப் போட்டாங்க. கார்க் காய்ஞ்சு சுருங்கி உள்ள விழுந்துடுச்சு! அதை விட வேடிக்கை, அந்த பாட்டில்களை வெளிய கொண்டு வந்த ஹார்டி ரோடன்ஸ்டாக் மேல 2006-ல பில் கோக் கேஸ் போட்டார். பாட்டில்ல செதுக்கியிருந்த எழுத்து நவீன மின்கருவியால செஞ்சதுன்னு அவர் தரப்பு நிபுணர்கள் சொன்னாங்க.

இதை விடப் பெரிய ஆதாரம் ஒண்ணு வச்சிருக்கேன். ரூடி குர்னியவான். அமெரிக்காவுல இருந்துக்கிட்டு பழைய பர்கண்டி, போர்தோன்னு சொல்லி வீட்டு சமையலறையிலயே கலக்கி, லேபிள் ஒட்டி, பணக்காரங்களுக்கு வித்தான். 2012-ல எஃப்.பி.ஐ. வீட்டுக்குள்ள போனப்போ லேபிள் கட்டு, கார்க் எல்லாம் குவிஞ்சு கிடந்துச்சு. 2013 டிசம்பர்ல குற்றவாளின்னு தீர்ப்பு, 2014-ல பத்து வருஷம் சிறை. அவன் எப்படி மாட்டினான்? குடிச்சவங்க நாக்கு கண்டுபிடிச்சு மாட்டலைய்யா! பொன்சோ பண்ணையோட க்ளோ சாங் தெனின்னு 1945-ல இருந்து 1971 வரைக்குமான பாட்டில்களை 2008-ல நியூயார்க்ல ஏலத்துக்கு வச்சான். அந்தப் பண்ணை அந்த ஒயினைச் செய்ய ஆரம்பிச்சதே 1982-ல. பண்ணைக்காரர் லோரான் பொன்சோ நேரா ஏலத்துக்கே வந்து நின்னார். லேபிள்ல இருந்த வருஷம்தான் காட்டிக் குடுத்துச்சு. அவன் பழைய ஒயின்ல கொஞ்சம் இளசையும் கலந்து ஊத்தியிருக்கான். அதைக் குடிச்சுட்டு 'இந்த வயசுலயும் என்ன துடிப்பு!'ன்னு சிலாகிச்சிருக்காங்க. நெஜமான கிழட்டு ஒயின் எப்படி இருக்கும்னு ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லாத ஊர்லதான் இந்த மாதிரி ஒருத்தன் பொழைக்க முடியும். மரியாதைக்குச் சொல்ற பொய் யாருக்கும் நஷ்டமில்லைன்னு யாராவது சொன்னா, அவங்களுக்கு ரூடியைக் காட்டுங்க.

பழசைக் காட்டி அளக்குறது இன்னிக்கு நேத்து வந்த வியாதியும் இல்லை. ரோமாபுரியில பெட்ரோனியஸ் எழுதின கதையில ட்ரிமால்கியோன்னு ஒரு திடீர்ப் பணக்காரன் வருவான். விருந்துல நூறு வருஷத்து ஒப்பிமியன் ஒயின்னு சீட்டு ஒட்டின ஜாடியைக் கொண்டு வந்து வச்சு பீத்திக்குவான். ஒப்பிமியன்னா கி.மு. 121-ஆம் வருஷத்து அறுவடை, அவங்களுக்கு அதுதான் 1961, 1982 எல்லாம். அதே ஒயின் தன் காலத்துல கரடுமுரடான தேன் மாதிரி கட்டிப் போச்சு, தண்ணி கலக்காமக் குடிக்கவே முடியலைன்னு பிளினி எழுதி வச்சிருக்கார். பிளினி மாதிரி ஒரு ஆள் அன்னிக்கு விருந்துல இருந்திருக்கலாம்.

இப்ப எதிர்க்கட்சிக்காரங்க வருவாங்க, தெரியும். "பாஸ், ஒயின் டேஸ்டிங்கே மொத்தமா டுபாக்கூர்"னு சொல்றவங்க. நம்ம எஞ்சினியர் கூட்டத்துல இவங்க ஜாஸ்தி. கையில ஒரு ஆராய்ச்சியும் வச்சிருப்பாங்க. 2001-ல போர்தோவில வெள்ளை ஒயின்ல வாசனை இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேருக்குக் குடுத்தாங்க, அத்தனையும் ஒயின் படிக்கிற மாணவர்கள். சாயம் கலந்ததை ரெட் ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளாலயே விவரிச்சாங்க. 2008-ல கலிஃபோர்னியாவில இன்னொண்ணு. ஒரே ஒயினை 10 டாலர்னும் 90 டாலர்னும் சொல்லிக் குடுத்தா, 90-ன்னு சொன்னப்போ மூளையில இன்பத்தைப் பதிவு பண்ற பகுதியே அதிகமா வேலை செஞ்சுது.

நான் இதை மறுக்கலை. ஆனா இதுல இருந்து 'ருசின்னு ஒண்ணே இல்லை'ன்னு முடிவு கட்டுறது என்ன லாஜிக்? கண்ணும் காசும் நாக்கை ஏமாத்தும்னுதான் அந்த ஆராய்ச்சி சொல்லுது. ஏமாறதுக்கு நாக்குன்னு ஒண்ணு இருந்தாகணும்ல? அன்னிக்கு மேஜையில எங்க யார் நாக்கும் ஏமாறலை. பக்கத்து வீட்டுக்காரர் 'மான்யிஃபிக்'னு சொல்லிட்டு, கிளாஸை அப்புறம் தொடவே இல்லை, நான் கவனிச்சேன். மூணு கிளாஸ் அப்படியே மிச்சம். வாய்தான் பொய் சொல்லுச்சு. கழுவித் தொட்டியில கொட்டின ஒயின் பொய் சொல்லலை.

மதுரைக்காரன் பஸ்ல வரும்போது சண்டை போட்டான். "ஏன்டா, அந்த மனுஷன் பொண்டாட்டி ஞாபகமா வச்சிருக்காரு. அதைப் போய் நல்லா இல்லைன்னு சொல்லணுமா? உன் ஆச்சி கையால போட்ட காப்பியில சக்கரை கம்மின்னா சொல்லுவியா?" நியாயமான கேள்வி. ரெண்டு நாள் தூங்கலை. அப்புறம் எனக்குத் தோணினது இதுதான்: ஆச்சி காப்பியைப் பத்திப் பொய் சொன்னா, நாளைக்கும் அதே காப்பிதான் வரும், குடிச்சுட்டுப் போவேன். இங்க என் பொய்யை வச்சு அவர் ஒரு முடிவு எடுத்திருக்கார். டெஸ்ட்ல ஃபெயிலான பில்டுக்குப் 'பாஸ்'னு கையெழுத்துப் போட்டா, அதை நம்பி அடுத்தவன் ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளுவான். அப்ப 'அவர் மனசு நோகும்னுதான் கையெழுத்து போட்டேன்'னு சொன்னா டமேஜர் விடுவாரா?

செவ்வாய்க்கிழமை காப்பி மெஷின்கிட்ட அவரைத் தனியாப் பிடிச்சேன். மூணு தடவை ஆரம்பிச்சு முழுங்கினேன். ஃப்ரெஞ்ச்ல அதுக்கு அழகா ஒரு வார்த்தை இருக்கு. பாஸே. கடந்து போனது. "அந்த ஒயின் பாஸேன்னு நெனைக்கிறேன். நான் அன்னிக்குச் சொன்னது பொய். 2000-த்தை வச்சிருக்காதீங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

அவர் காப்பியை ரொம்ப நேரம் கலக்கினார். அந்த மெஷின் காப்பியில கலக்க ஒண்ணுமே கிடையாது. அப்புறம், "உனக்குப் பழைய ஒயின் பழக்கம் இல்லை"ன்னார். திட்டலை. சொல்லிட்டுப் போயிட்டார். அதுவும் நியாயம்தான், எனக்குப் பழக்கம் இல்லைதான். அதுக்கப்புறம் பத்து நாள் என்கிட்ட டிக்கெட் நம்பர் தவிர எதுவும் பேசலை. பத்து நாளும் 'வாயை வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாமே'ன்னு மதுரைக்காரன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோணுச்சு.

பதினோராவது நாள், "சாயங்காலம் வீட்டுக்கு வா"ன்னார். நான் மட்டும். போனா, சமையலறை மேஜையில ரெண்டு பாட்டில், ரெண்டையும் கழுத்து வரைக்கும் நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கார். சுத்தி வச்சதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, கிளாஸ்ல ஊத்தினா நிறமே காட்டிக் குடுத்துடுமே. சொன்னேன். சிரிச்சார். விளக்கை அணைச்சுட்டு, வராந்தா வெளிச்சத்துல ஊத்தினார். அறுவத்து மூணு வயசு ஆளும் நானும் இருட்டுல உக்காந்து ஒயின் மோந்துட்டு இருந்தோம்.

முதல் கிளாஸ், தெரிஞ்ச கதை. காய்ஞ்ச இலை, காளான், புளிப்பு.

ரெண்டாவதை மோந்தவுடனே எனக்கு என்னமோ ஆச்சு. கருப்புத் திராட்சை, அதுக்குப் பின்னாடி சுருட்டுப் பெட்டி, பென்சில் சீவினா வருமே அந்த மர வாசனை. துவர்ப்பு இருக்கு, ஆனா பட்டுத் துணியில சுத்தின மாதிரி இருக்கு. முழுங்கி அரை நிமிஷம் ஆகியும் வாயில நிக்குது. இருவத்து மூணு வருஷத்து ஒயின். இதுதான் அந்த உச்சின்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கலை. பழைய ஒயினே கூடாதுன்னு நான் எழுதுறதா யாராவது பின்னூட்டம் போட வந்தீங்கன்னா, இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க.

பெரியவர் முதல் கிளாஸை மறுபடி எடுத்தார். ஒரு வாய் குடிச்சார். "பாஸே"ன்னார், அவரே. அப்புறம் விளக்கைப் போடாமலே பேசினார். 1997-ல பையனோட பத்தாவது பொறந்த நாளுக்கு இதே மேஜையில இதுல ஒண்ணைத் திறந்தாங்களாம். அன்னிக்குப் பிரமாதமா இருந்துச்சாம். இன்னொண்ணும் திறக்கலாமான்னு இவர் கேட்டாராம். வேண்டாம், வைப்போம், இன்னும் நல்லா ஆகும்னு மனைவி சொன்னாங்களாம்.

அந்தக் கடைசி 87 பாட்டிலை நான் கொட்டச் சொல்லலை, அவரும் கொட்டலை. என் கிளாஸ்ல இருந்ததை மட்டும் தொட்டியில ஊத்தினார். அவர் கிளாஸ்ல இருந்ததை முழுசாக் குடிச்சார். நான் ஒண்ணும் பேசலை. அதுல ருசி எப்படின்னு யாரும் என்னைக் கேக்கவும் இல்லை. பாட்டில்ல மிச்சம் இருந்தது மறுநாள் மாட்டுக்கறிக் குழம்புக்குப் போச்சுன்னு அப்புறம் சொன்னார்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். நம்ம ஊர்ல 'பழைய கள், புதிய மொந்தை'ன்னு சொல்லுவோமே. கள்ளு எறக்கின சில மணி நேரத்துலயே பொங்க ஆரம்பிச்சுடும், மறுநாள் புளிச்சு நாறும், விட்டா காடியாயிடும். தமிழ்நாட்டுல 1987-ல இருந்து தடை, ருசி பார்க்கணும்னா பாலக்காட்டுப் பக்கம் போகணும். ஆனா எந்தப் பனையேறியும் 'வயசாக வயசாக ருசி'ன்னு எவனையும் ஏமாத்தினது இல்லை. வாழ்த்துச் செய்தி எழுதுறவங்க கொஞ்சம் அதையும் யோசிங்க.

2024-ல ப்ராஜெக்ட் முடிஞ்சு நான் ஊருக்கு வந்துட்டேன். பெரியவர் அப்பப்போ மெயில் போடுவார். 2000 பெட்டியில இன்னும் நாலுதான் பாக்கியாம். விசேஷம்லாம் பார்க்கிறது இல்லை, வெறும் ஆம்லெட்டுக்குக்கூட ஒரு தடவை திறந்தாராம். போன மெயில்ல, ஒரு பாட்டிலை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பட்டுமான்னு கேட்டிருந்தார். எங்க வீட்டு ஷோகேஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கரண்ட் வேற இல்லை, மணி ரெண்டு, மே மாசம். வேண்டாம், அங்கயே வந்து குடிக்கிறேன், ஆனா எனக்காகக் காத்திருந்து வைக்காதீங்கன்னு பதில் போட்டிருக்கேன்.